கீழ்ப்படிதலுள்ள மாணவி எழுதிய மின்னஞ்சல்

தென்காசிப் பக்கம் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் நான் தமிழாசிரியை. ஆறு முதல் எட்டு வரை தமிழ் என் பாடம். கணினி அறைச் சாவியும் நாலைந்து ஆண்டுகளாக என்னிடம்தான் இருக்கிறது. அறையில் எட்டுக் கணினிகள். இணையம் ஒழுங்காக வருவது மூன்றில். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதிய ஒரு மின்னஞ்சலையும், அதைத் தொடர்ந்து அந்த வகுப்பில் நாங்கள் செய்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். அவள் அம்மாவிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகே எழுதுகிறேன். பிள்ளையை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

நடந்தது

பக்கத்து நகரத்தில் ஒரு வாசகர் அமைப்பு, 'எங்கள் ஊர்க் குளம்' என்ற தலைப்பில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டுரைப் போட்டி வைத்தது. கட்டுரையைத் தாளில் எழுதி, படம் பிடித்து, மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். முகவரியைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். ஆங்கில எழுத்துகள், கடைசியில் 2 என்ற எண், அப்புறம் 'அட் த ரேட்' ஜிமெயில். வகுப்பில் 31 பேர். அனுப்பியவர்கள் நான்கே பேர். அதில் ஒருத்தி இவள்.

அவளுக்கு வயது 12. கூகுளில் சொந்தமாகக் கணக்கு வைத்துக்கொள்ள நம் நாட்டில் 13 வயது ஆகியிருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் பெற்றோர் கூகுளின் ஃபேமிலி லிங்க் என்ற செயலி வழியாகக் கணக்கை அமைத்துக் கொடுத்து, மேற்பார்வையும் செய்ய வேண்டும். எங்கள் ஊரில் யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு ஒரு ஸ்மார்ட்போன், அது அம்மாவிடம் இருக்கும். அதில் ஒரு ஜிமெயில் இருக்கும். போன் வாங்கிய அன்றைக்குக் கடைப் பையன் போட்டுக் கொடுத்த கணக்கு. கடவுச்சொல் என்னவென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இவளும் அந்தக் கணக்கிலிருந்துதான் அனுப்பினாள்.

அனுப்பும்போது முகவரியின் கடைசியில் இருந்த 2-ஐ விட்டுவிட்டாள். ஜிமெயில் முகவரியில் ஒரு புள்ளியை விட்டாலும் கூட்டினாலும் கடிதம் அதே பெட்டிக்குத்தான் போகும். எண்ணை விட்டால் அது வேறொருவருடைய பெட்டி. யாருடையது என்று எங்களுக்கு இன்றைக்கும் தெரியாது.

அந்த மின்னஞ்சலைப் பிறகு நான் வரிவரியாகப் படித்தேன். 'பொருள்' கட்டம் காலி. உள்ளே முதல் சொல் 'அனுப்புநர்'. அதன் கீழே அவள் முழுப்பெயர், தலைப்பெழுத்து, ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவு, பள்ளியின் பெயர், கதவு எண், தெரு, ஊர், அஞ்சல் குறியீட்டு எண். அடுத்து 'பெறுநர்', 'உயர்திரு செயலாளர் அவர்கள்'. பிறகு 'ஐயா, வணக்கம்' என்று தொடங்கி ஐந்து வரிகள். பிழையே இல்லாத ஐந்து வரிகள். அதற்குக் கீழே அப்பா பெயரும் அம்மாவின் அலைபேசி எண்ணும். கடைசியில் 'இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி'. கட்டுரைத் தாள்களின் படத்தோடு, குளத்துப் படித்துறையில் பள்ளிச் சீருடையோடு அவள் நிற்கும் படமும் இணைப்பில் இருந்தது.

மறுநாளே பதில் வந்தது. 'அருமை பாப்பா. முதல் சுற்றில் தேர்வாகிவிட்டாய். வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்?'

அவள் எழுதினாள்: 'வணக்கம் ஐயா. மிக்க நன்றி. எங்கள் வீட்டில் அம்மா, நான், தம்பி. அப்பா கேரளாவில் வேலை பார்க்கிறார்கள். மாதம் ஒரு முறை வருவார்கள்.'

'அம்மா வேலைக்குப் போவார்களா?'

'அம்மா வீட்டில் பீடி சுற்றுவார்கள் ஐயா. சாயங்காலம் நான்கு மணிக்குப் பீடிக்கடைக்குப் போய் ஐந்தரை மணிக்கு வருவார்கள்.'

அடுத்து வந்தது இது: 'பரிசு அட்டையில் போடுவதற்கு நீ மட்டும் இருக்கும் படம் இன்னும் இரண்டு அனுப்பு. அம்மாவிடம் இப்போதே சொல்லாதே. பரிசு வரும்போது சந்தோஷப்படட்டும்.'

இதற்கு அவள் இரண்டு நாள் பதில் எழுதவில்லை. மூன்றாம் நாள் மதிய உணவு நேரத்தில் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் தட்டு, கழுவிய ஈரம் காயவில்லை.

"டீச்சர், பெரியவங்க மெயில்ல ஒண்ணு கேட்டு, நாம பதில் போடாம இருந்தா மரியாதைக் குறைச்சல்தானே?"

யார் கேட்டார், என்ன கேட்டார் என்று விசாரித்தேன். 'போட்டிக்காரங்க' என்றாள். அம்மாவிடம் சொல்லாதே என்று எழுதியிருந்ததைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது. "அம்மா போன்லதானே டீச்சர் அனுப்புதேன், பிறகு எப்படி அம்மாவுக்குத் தெரியாம இருக்கும்?" என்று கேட்டாள். அந்த வரி அவளுக்கே பொருந்தாமல் பட்டிருக்கிறது. பதிலை நிறுத்தி வைத்தது அதனால்தான்.

அன்று மாலை

பள்ளி விட்டதும் அவளோடு வீட்டுக்கு நடந்தேன். அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மடியில் பீடித் தட்டு, அதில் நறுக்கிய இலைக்கட்டு, தூள், நூல் உருண்டை. போனை வாங்கி மின்னஞ்சல்களை நானே வாசித்துக் காட்டினேன். முதல் இரண்டு வாசிக்கும்வரை சுற்றிக்கொண்டேதான் கேட்டார். பீடிக்கடை நேரத்தை மகள் எழுதியிருந்த இடம் வந்ததும் கை நின்றது. தட்டை இறக்கி வைத்துவிட்டு, "உனக்கு எதுக்குட்டி இந்த வேல?" என்று மகளை நோக்கி எழுந்தார்.

நடுவில் போய் நின்றேன். அவருக்கு நான் சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த நிகழ்வில் மிக முக்கியமான நிமிடம் அதுதான் என்று நினைக்கிறேன். "அக்கா, அவளாத்தான் வந்து சொன்னா. யாரும் கண்டுபிடிச்சுக் கேக்கல. இன்னைக்கு அடி விழுந்தா அடுத்த தடவ சொல்ல மாட்டா." அவர் சற்று நேரம் மகளையே பார்த்தார். பிறகு உட்கார்ந்து அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். அழுதது மகளல்ல, அம்மா.

அப்புறம் செய்ய வேண்டியதைச் செய்தோம். எதையும் அழிக்கவில்லை. அழித்துவிடலாமே என்றுதான் அம்மாவுக்கு முதலில் தோன்றியது; எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஒவ்வொரு மின்னஞ்சலையும் தேதியும் நேரமும் தெரியத் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வைத்தோம். பதில் எதுவும் அனுப்பவில்லை, திட்டியும் எழுதவில்லை. மறுநாள் பள்ளிக் கணினியில் அந்தக் கணக்கைத் திறக்கப் பார்த்தபோது கடவுச்சொல் தெரியவில்லை. மாற்றலாம் என்று போனால், மீட்பு எண்ணாகக் கடைக்காரரின் எண் கிடந்தது. அதை எடுத்துவிட்டு அம்மாவின் எண்ணைப் போட ஒரு முழு மதியம் ஆனது. பிறகு ஜிமெயிலில் 'மூலத்தைக் காட்டு' என்பதைத் திறந்து, மின்னஞ்சல் எந்த வழியாக வந்தது என்ற தலைப்புத் தகவல்களையும் இறக்கி வைத்தோம். கடைசியாகத்தான் அந்த முகவரியைத் தடுத்தோம்.

குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐ அழைத்துப் பேசினேன். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான பிரிவில் புகார் பதிந்தோம். 1930 என்ற எண் பணம் பறிபோனவர்கள் உடனே அழைக்க வேண்டியது. பலர் எல்லாவற்றுக்கும் அதையே சொல்லுகிறார்கள், அதனால் இதைக் குறிப்பிடுகிறேன். தலைமையாசிரியர், அம்மா, நான் மூவரும் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கும் போனோம். காவல்துறையிடம் கொடுத்ததற்கு மேல் அதைப் பற்றி இங்கே எழுதுவது முறையாகாது. சாயங்காலம் நான்கு மணி முதல் ஐந்தரை வரை பிள்ளைகள் இருவரும் எதிர்வீட்டுப் பெரியம்மா வீட்டில் இருப்பது என்று ஏற்பாடாகியது. இன்றும் அப்படித்தான்.

யார் கற்றுக் கொடுத்த கடிதம்?

இரண்டு நாள் எனக்குத் தூக்கமில்லை. அந்த மின்னஞ்சலில் இருந்த ஒவ்வொரு வரியும் நான் கற்றுக் கொடுத்தது.

அனுப்புநரை முதலில் எழுது, முகவரியை முழுதாக எழுது, கதவு எண்ணை விடாதே, பெறுநருக்கு 'உயர்திரு' போடு, கடைசியில் 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள' என்று பணிவாக முடி. இதற்கெல்லாம் மதிப்பெண் உண்டு. முகவரியில் அஞ்சல் குறியீட்டு எண் இல்லையென்று அரை மதிப்பெண்ணை நானே குறைத்திருக்கிறேன். தபாலில் போகும் கடிதத்துக்கு அது நியாயம்தான். பதில் திரும்பி வர முகவரி வேண்டும். மின்னஞ்சலில் பதில் முகவரி தானாகவே கூடப் போகிறது. அப்படியிருக்க, கதவு எண்ணை எதற்குக் கொடுக்கிறோம் என்று எங்கள் ஆசிரியர் அறையில் யாரும் யோசித்ததில்லை. நானும் யோசித்ததில்லை.

இன்னொன்றும் உறுத்தியது. நான் நடத்திய கடிதங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். விடுப்பு விண்ணப்பம், தெருவிளக்கு வேண்டி, குடிநீர் வேண்டி, நூல்கள் அனுப்பக் கோரி, நண்பனுக்கு வாழ்த்து, உறவினருக்கு அழைப்பு. எல்லாமே கேட்பவை அல்லது கொடுப்பவை. 'தர இயலாது' என்று ஒரு பிள்ளை ஒரு பெரியவருக்கு மரியாதையாக எழுதும் கடிதம் ஒன்றைக்கூட நான் நடத்தவில்லை. எந்தத் தேர்விலும் கேட்டதில்லை. பணிவாக மறுக்கும் மொழி அவள் கையில் இல்லை. இருந்ததெல்லாம் பணிவாகப் பதில் சொல்லும் மொழி.

'முன்பின் தெரியாதவரோடு இணையத்தில் பேசாதே' என்று அவளுக்குத் தெரியும். கணினி வகுப்பில் சுவரொட்டியே ஒட்டியிருக்கிறோம். ஆனால் இவர் அவளுக்கு முன்பின் தெரியாதவராகத் தோன்றவில்லை. போட்டி நடத்தும் 'ஐயா' அவர். சுவரொட்டி ஒரு பக்கம், கடிதப் பாடம் இன்னொரு பக்கம் என்று தனித்தனியாகக் கற்றுக் கொடுத்ததால், இரண்டும் மோதிய இடத்தில் கடிதப் பாடம் வென்றுவிட்டது. அவள் கேட்ட கேள்வியே அதைத்தான் சொன்னது.

வகுப்பில்

தலைமையாசிரியரிடம் பேசி, வாரத்துக்கு இரண்டு பாடவேளை வாங்கினேன். அவளைப் பற்றி வகுப்பில் ஒரு வார்த்தையும் வரவில்லை. முதல் இரண்டு வாரம் கணினியே திறக்கவில்லை. தாளில் கட்டம் போட்டு, பெறுநர், பொருள், உள்ளே எழுதுவது என்று பிரித்து எழுதினோம். ஒருவன் தபால்காரன். பெஞ்சுக்குப் பெஞ்சு அவன் கொண்டுபோய்க் கொடுப்பான்.

முகவரி விஷயம் எப்படிப் புரியவைப்பது என்று கவலையாக இருந்தது. பிள்ளைகளே வழி காட்டினார்கள். பொதுத் தேர்வில் கடித வினாவுக்கு விடை எழுதும்போது சொந்தப் பெயரையோ ஊரையோ எழுதக் கூடாது, வினாத்தாளில் கொடுத்த பெயரைத்தான் போட வேண்டும் என்று அண்ணன், அக்காமார் இருக்கும் பிள்ளைகளுக்குத் தெரியும். "ஏன் அப்படி?" என்றேன். "திருத்துறவங்களுக்கு நாம யாருன்னு தெரியக் கூடாது டீச்சர்" என்றான் ஒருவன். "அப்போ மின்னஞ்சலை யார் படிப்பாங்கன்னு தெரியாதபோது?" என்று கேட்டதும் பின் பெஞ்சிலிருந்து, "அதுவும் பரீட்சைப் பேப்பர் மாதிரிதான்" என்று பதில் வந்தது. அதற்கு மேல் நான் விளக்கவில்லை.

மறுப்பதற்கான சொற்களும் அவர்களிடமே இருந்தன. கதவைத் தட்டி யாராவது வந்தால் வீட்டில் என்ன சொல்லச் சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டேன். "அம்மா உள்ள வேலையா இருக்காங்கன்னு சொல்லணும்." அம்மா வீட்டில் இல்லாவிட்டாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று 31 பேருக்கும் தெரிந்திருந்தது. பொருள் விற்க வருபவரிடம்? "அம்மாட்ட கேட்டுச் சொல்லுதேன்னு சொல்லணும்." இந்த வாக்கியத்தைத்தான் எழுத்துக்குக் கொண்டுவந்தோம்: 'இதை அம்மாவிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் ஐயா.' இதில் கோபமும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை, கொடுத்த தகவலும் எதுவும் இல்லை. நல்ல மனிதர் என்றால் 'கேட்டுச் சொல்லும்மா' என்று அவரே சொல்லிவிடுவார்.

இதற்கு ஒரு விலக்கு வைத்தோம். அம்மாவிடம் சொல்லாதே, டீச்சரிடம் சொல்லாதே, நமக்குள் இருக்கட்டும் என்று யார் எழுதினாலும் அதற்குப் பதிலே கிடையாது. நன்றியும் இல்லை, வணக்கமும் இல்லை. அழிக்காமல் அப்படியே பெரியவரிடம் காட்டிவிட வேண்டும். இதைச் சொன்ன நாளில் அந்த மாணவியின் முகத்தை நான் வேண்டுமென்றே பார்க்கவில்லை. பலகையில் எழுதிவிட்டுத் திரும்பியபோது அவள் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் வாரம் கணினிகளை இயக்கினோம். தலைமையாசிரியரின் அனுமதியோடு, என்னிடமிருந்த இன்னொரு ஜிமெயில் கணக்கில் காட்சிப் பெயரை அவர் பெயராக மாற்றி, வகுப்புக் கணக்குக்கு ஒன்று அனுப்பினேன். 'அவசரம். அனைத்து மாணவர்களும் தங்கள் வீட்டுத் தொலைபேசி எண்ணை உடனே அனுப்பவும்.' மூன்று கணினிகளிலும் குழுவாகக் கூடி எண்களைத் தட்டத் தொடங்கிவிட்டார்கள். ஒரு குழு பத்து எண்களை அடித்து முடித்திருந்தது. அப்போது நிறுத்தச் சொல்லி, அனுப்பியவர் பெயருக்குக் கீழே இருக்கும் சிறிய அம்புக்குறியை அழுத்தச் சொன்னேன். பெயர் தலைமையாசிரியருடையது. முகவரி யாரோ ஒருவருடையது. அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு சிறுமி, "ஹெச்எம் சார் பேர யாரு வேணாலும் போட்டுக்கலாமா டீச்சர்?" என்று கேட்டாள். தபால் உறையின் இடப்பக்கத்தில் 'அனுப்புநர்: மாவட்ட ஆட்சியர்' என்று நீ எழுதினாலும் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத்தான் போவார் என்றேன். காட்சிப் பெயரும் அப்படி உறையில் எழுதிய பெயர்தான்.

'அட் த ரேட்' ஏன் வந்தது என்று அன்றே ஒருவன் கேட்டான். 1971-இல் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர், பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு கணினிகளுக்கு இடையே வலையமைப்பின் வழியாக ஒரு செய்தி அனுப்பிப் பார்த்தார். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட, பெயர்களில் வராத ஒரு குறியாக அதைத் தேர்ந்தார். இடப்பக்கம் ஆள், வலப்பக்கம் அவர் இருக்கும் இடம். இதைச் சொன்ன பிறகு முகவரியை இரண்டாகப் பிரித்துப் படிக்கப் பிள்ளைகள் தாமாகவே பழகிவிட்டார்கள். வங்கியிலிருந்து வருவதாகச் சொல்லும் ஒரு மின்னஞ்சலுக்கு வலப்பக்கத்தில் ஜிமெயில் என்று ஏன் இருக்கிறது என்று கேட்கும் அளவுக்கு வந்தார்கள். வரலாறு பாடத்துக்கு உதவியது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

'சொல்லவும்'

மரியாதைப் பாடத்தில் நான் எதிர்பார்க்காத ஒன்று வெளிவந்தது. போட்டிக்கு அனுப்பிய நான்கு பேரில் ஒரு பையன், முடிவு எப்போது என்று கேட்டு அமைப்புக்கு எழுதியிருந்தான். அதை அவனே வகுப்பில் காட்டினான்.

'சார் ரிசல்ட் எப்ப வரும்??? சீக்கிரம் சொல்லவும்!!!'

கேள்விக்குறி, ஆச்சரியக்குறி எல்லாம் எளிதில் புரிந்துவிட்டது, ஒன்று போதும். 'சொல்லவும்' என்பதுதான் விவாதமானது. அது மரியாதையான சொல் என்று அவன் உறுதியாக நம்பினான். பேச்சில் வராத சொல், எழுத்தில் மட்டும் வருகிறது, எனவே அது பணிவு என்பது அவன் கணக்கு. அந்தச் சொல்லை எங்கே பார்த்திருக்கிறீர்கள் என்று எல்லாரையும் கேட்டேன். 'செருப்பை வெளியே விடவும்.' 'வரிசையில் வரவும்.' 'சில்லறை கொடுக்கவும்.' எல்லாம் பலகைகளில் இருப்பவை. பலகை கட்டளையிடுகிறது, பெரியவரைப் பார்த்து அப்படிப் பேசுவோமா என்றதும் சிரித்துவிட்டார்கள். 'சொல்லவும்', 'சொல்லுங்கள்', 'சொல்ல முடியுமா?' மூன்றையும் பலகையில் எழுதி, நூலகர் அக்காவிடம் எது, தம்பியிடம் எது, முன்பின் பார்க்காத ஒருவரிடம் எது என்று பிரித்தோம். தமிழில் மரியாதை வினையின் வாலில் உட்கார்ந்திருக்கிறது. முன்னால் 'உயர்திரு' போட்டுவிட்டுப் பின்னால் 'அனுப்பவும்' என்று முடித்தால் இரண்டும் ஒட்டாது.

அவன் திருத்தி எழுதியது இது. பொருள்: 'குளம் கட்டுரைப் போட்டி, முடிவு பற்றி'. உள்ளே: 'வணக்கம் ஐயா. நான் கட்டுரைப் போட்டிக்கு எழுதிய ஏழாம் வகுப்பு மாணவன். முடிவு எப்போது வரும் என்று சொல்ல முடியுமா? நன்றி.' கீழே முதல் பெயர் மட்டும். மொத்தம் நான்கு வரி. இரண்டு நாளில் அமைப்பிலிருந்து பதில் வந்தது. அதை அச்சிட்டு வகுப்பில் ஒட்டினான்.

'பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்' என்பதை நான் குறைக்கச் சொன்னேன். தப்பு என்பதால் இல்லை. பிள்ளைகள் அதை எழுதும்போது அவர்கள் சொல்ல வந்தது காணாமல் போகிறது. 'கீழ்ப்படிதலுள்ள' என்பதைப் பள்ளி விடுப்புக் கடிதத்தோடு நிறுத்திக்கொண்டோம். முகம் தெரியாதவருக்கு ஒரு பிள்ளை அந்தச் சொல்லைக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கக் கூடாது என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை. 'நன்றி', 'அன்புடன்' போதும்.

பெறுநர் முகவரியைக் கடைசியில் போடும் பழக்கத்தையும் ஏற்படுத்தினோம். முதலில் பொருள், பிறகு செய்தி, பிறகு இணைப்பு, எல்லாம் படித்துப் பார்த்த பின்னரே முகவரி. அதைப் பக்கத்தில் இருப்பவர் ஒவ்வோர் எழுத்தாக வாசிக்க, எழுதியவர் சரிபார்க்க வேண்டும். அந்த 2 விட்டுப்போனது இந்தப் பழக்கம் இருந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். ஜிமெயிலில் அனுப்பிய பிறகு திரும்பப் பெற ஐந்து நொடி கிடைக்கும்; ஜிமெயிலின் அமைப்புகள் (செட்டிங்ஸ்) பக்கத்தில் போய் அதை 30 நொடிவரை நீட்டலாம். மூன்று கணினிகளிலும் 30 வைத்தோம். அந்த அரை நிமிடத்தில் பிள்ளைகள் பிடித்த பிழைகள் நிறைய.

ஒருமுறை பெற்றோர் கூட்ட அறிவிப்பை 40 பேருக்கு அனுப்பியபோது எல்லா முகவரிகளையும் பெறுநர் கட்டத்திலேயே போட்டுவிட்டேன். 40 குடும்பத்தின் முகவரியும் 40 பேர் கையில் போயிற்று. அதை வகுப்பில் சொல்லி, ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாமல் அனுப்பும் மறைநகல் (பிசிசி) என்ற கட்டம் எதற்கு என்று காட்டினேன். டீச்சரும் தப்புச் செய்வார் என்று தெரிந்த பிறகு மேலும் சிலர் தங்கள் தவறுகளைச் சொன்னார்கள். ஒருத்தி விளையாட்டில் நாணயம் இலவசம் என்று நம்பி அப்பாவின் எண்ணைக் கொடுத்திருந்தாள். அன்றே அவள் வீட்டுக்கும் பேசினேன்.

போட்டி நடத்துபவர்களுக்கு

அமைப்பினருக்கு நான் விவரமாக எழுதினேன். அவர்கள்மேல் குற்றமில்லை, கடிதம் அவர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. ஆனால் பிள்ளைகள் படம், முழு முகவரி எல்லாம் அனுப்புவது வழக்கமாகிவிட்டதால், அறிவிப்பிலேயே என்ன அனுப்பக் கூடாது என்று போடச் சொன்னேன். 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட எல்லாரையும் குழந்தைகளாகவே கொள்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் இருக்கட்டும். ஒரு கட்டுரையை மதிப்பிட அந்தப் பிள்ளையின் கதவு எண் எதற்கு? வகுப்பு போதும். அடுத்த போட்டியிலிருந்து எல்லாக் கட்டுரைகளையும் பள்ளிக் கணக்கு ஒன்றிலிருந்து ஆசிரியரே அனுப்பலாம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

அவள் கட்டுரையும் அப்படித்தான் மறுபடி போனது. கடைசித் தேதி கடந்திருந்தது. பரிசு கிடைக்கவில்லை. குளத்தின் கலுங்கில் தண்ணீர் மறுகால் பாயும்போது கெண்டைக்குஞ்சுகள் எதிர்நீச்சல் போட்டு ஏறுவதை எழுதியிருந்தாள். அந்தப் பத்தி நன்றாக இருந்தது என்று அமைப்பிலிருந்து ஒருவர் இரண்டு வரி எழுதினார்.

அம்மா

இதற்கிடையே ஒரு சனிக்கிழமை அவள் அம்மா பள்ளிக்கு வந்தார். "பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கீங்க டீச்சர். போனு என் கையிலதான இருக்கு, எனக்கும் காட்டுங்க" என்றார். அதுவரை பெற்றோரை நான் நினைக்கவே இல்லை. கணக்கு அவருடையது, பெட்டி அவருடையது, வரும் கடிதமெல்லாம் அவர் பெயருக்கு வருகிறது. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தார். ஆங்கில எழுத்து அவருக்கு ஒன்றிரண்டுதான் தெரியும். பெயருக்குக் கீழே இருக்கும் அம்புக்குறியை எப்படித் தேடுவது என்பதை மட்டும் நாலைந்து முறை செய்து பார்த்தார். அவரைத் தொடர்ந்து அடுத்த மாதம் இன்னும் ஆறு அம்மாக்கள் வந்தார்கள். அவர்கள் வரும் நேரத்தைப் பீடிக்கடை நேரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டோம்.

ஆண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம் அந்த மாணவி ஒரு சிறிய நோட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். அம்மாவின் பீடிப் பாஸ் புத்தகம். தினமும் கொடுத்த பீடிக் கணக்கை எழுதுவது. பின்னட்டையைத் திருப்பிக் காட்டினாள். போன் கணக்கு இன்றோடு முடங்கப்போகிறது, உடனே இங்கே அழுத்தவும் என்று ஒரு மின்னஞ்சல் வந்ததாம். அனுப்பியவர் பெயர் ஒரு பெரிய நிறுவனத்தின் பெயர். அம்மாவே அம்புக்குறியை அழுத்திப் பார்த்து, உள்ளே இருந்த முகவரியை ஆங்கிலம் தெரியாமலே ஒவ்வோர் எழுத்தாக வரைந்து வைத்திருந்தார். 'ஏ' ஒன்று தலைகீழாக இருந்தது. வலப்பக்கத்தில் அந்த நிறுவனத்தின் பெயர் இல்லை. வெறும் எழுத்துக் குவியலும் மூன்று எண்களும். அதன் கீழே நீல மையால் இரண்டு கோடு போட்டிருந்தார்.

"இது அவங்க வீடு இல்லதானே டீச்சர்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க" என்றாள்.